கண்ணாடிக்குள் இருந்த நீலம்

மர்கிலான் ஊரில் முஹய்யோவை நேரில் பார்க்காதவர்களுக்குக்கூட அவளுடைய கிறுக்கு தெரியும். மற்ற பெண்கள் லீவு நாளில் அக்கா தங்கை வீட்டுக்குப் போவார்கள், சந்தைக்குப் போவார்கள். இவள் அருங்காட்சியகத்துக்குப் போவாள். போன வாரம் பார்த்த அதே பானையை இந்த வாரமும் போய்ப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் கணவன் பஹ்ரொம் சந்தேகப்பட்டு ஒருநாள் பின்னாலேயே போயிருக்கிறான். ஓர் உடைந்த தட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பெண்டாட்டி மூன்று மணி நேரம் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். வேறு ஆள் இருந்திருந்தாலாவது புரிந்திருக்கும் என்று தம்பியிடம் சொல்லி வருத்தப்பட்டானாம்.

அவளுடைய தொழில் அப்படி. பட்டும் பருத்தியும் கலந்து நெய்கிற ஒரு பட்டறையில் இருபத்து நாலு வருஷமாக டிசைன் போடுகிறாள். அங்கே டிசைனைத் துணியில் போடுவதில்லை. நெய்வதற்கு முன்பே நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன்மேல் கரித்தண்டால் கோடு போட வேண்டும். அவள் போட்ட கோட்டைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நூலை இறுக்கி முடிச்சுப் போட்டுச் சாயத் தொட்டியில் இறக்குவார்கள். கோடு தப்பினால் இருநூறு மீட்டர் துணியும் தப்பு. ஏறிய சாயத்தை அழிக்க ரப்பர் கிடையாது. அந்தப் பழக்கத்தினாலோ என்னவோ, முஹய்யோ எதற்கெடுத்தாலும் பயப்படுவாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிற ரகம்.

ஆனால் டிசைனுக்கு வேண்டியதைத் தேடிப் போவதில் மட்டும் அவளுக்குப் பயமே கிடையாது. எங்கே எதைக் காட்சிக்கு வைத்திருந்தாலும் போய் நின்றுவிடுவாள். அவள் போட்டதிலேயே அதிகம் விற்றுப்போன துணி, பஞ்சடைத்து வைத்த ஒரு காட்டுக்கோழியின் கழுத்திலிருந்து வந்தது. விவசாயக் கண்காட்சியில் டிராக்டர் பல்சக்கரத்தைப் பார்த்து ஒன்று போட்டாள். பழைய கிண்ணத்தில் விழுந்திருந்த விரிசலைப் பார்த்து ஒன்று. அந்த விரிசல் துணியை அந்த வருஷம் மர்கிலானில் பாதி மணப்பெண்கள் உடுத்தினார்கள். படம் எடுக்கத் தனி டிக்கெட் கேட்பார்கள், அதை அவள் வாங்கியதே இல்லை. போட்டோ எடுத்தால் கை சோம்பேறியாகிவிடும் என்பாள்.

நூலைக் கட்டுகிற ரஹ்மத்தில்லா அவளை விட எட்டு வயது இளையவன், வாயாடி. அவள் நோட்டுப் புத்தகத்தோடு பட்டறைக்குள் நுழைந்தாலே ஆரம்பித்துவிடுவான்.

"என்னக்கா, இன்னைக்கு எந்தச் செத்தவங்க வீட்டுல புகுந்து திருடிட்டு வந்தீங்க?"

"செத்தவங்க சண்டைக்கு வர மாட்டாங்கடா. உயிரோட இருக்கறவன் டிசைனை எடுத்தாத்தான் வம்பு."

இதை அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். கண்ணாடிக்குள் போய்விட்ட பொருளுக்கு இனிமேல் சொந்தக்காரர் கிடையாது, நல்லது கெட்டது கிடையாது, இருப்பதெல்லாம் கோடும் நிறமும்தான் என்று நினைத்திருந்தாள்.

போன வசந்தத்தில்தான் அந்த நீல அங்கியைப் பார்த்தாள். ஃபெர்கானா நகரத்தில், பழைய டீக் கிடங்குக்குப் பின்னால், இரண்டே அறை உள்ள ஒரு சின்ன அருங்காட்சியகம். நனைந்த கத்தரிக்காய் மாதிரிக் கருத்த நீலம். அதில் வெள்ளை வெள்ளையாய் நீண்ட துளிகள். துளியின் தலை பளிச்சென்று இருக்கும், கீழே வரவர நீலத்தில் கரைந்து, எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போய்விடும். அந்தக் கரைசலை எந்தக் கை கட்டியது, எப்படிக் கட்டியது என்று பார்க்க அவள் ஏழு தடவை போனாள். இடுப்பில் அதே துணியில் ஒரு கச்சையும் கட்டி வைத்திருந்தார்கள். அதையும் அழகு என்று வரைந்துகொண்டாள். கீழே ஒட்டியிருந்த சீட்டில், பெண்கள் மேலங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி என்று மட்டும் எழுதியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மகள் ஸிலோலாவுக்குக் கோகந்தில் இடம் முடிவானது. மாப்பிள்ளை ஜாஸுர் தங்கமான பையன். அவனுடைய அம்மா ஸலோமத்தான் முஹய்யோவைக் கலங்கடித்தாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சிரித்தாலும் விடைத்தாளைத் திருத்துகிற மாதிரித்தான் பார்ப்பாள். அவள் கணவர் ஒலிம்ஜானுக்குச் கோடைத் தொடக்கத்தில் நெஞ்சு வலி வந்து, அறுத்துத் தைத்து, பிழைத்தது பெரிய காரியம் என்று டாக்டர்களே சொன்னார்கள். அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் கல்யாணத்தைச் சீக்கிரம் வைத்தார்கள்.

பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு மூட்டை, அதன்மேல் அவரவர் பெயர். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, தூக்கிக் காட்டி, தடவிப் பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். அதற்கு முன் யாரும் தொடக் கூடாது. மாமியார் மூட்டையைத்தான் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். முஹய்யோ அந்த ஒரு துணிக்காகக் கோடைக்காலம் முழுவதும் உழைத்தாள். அந்த நீலத்தையே போட்டாள். கரைசல் சரியாக வரவில்லை என்று இரண்டு பாவு நூலைத் தூக்கிப் போட்டாள். மூன்றாவதில் வந்தது. சம்பந்தியம்மாவுக்கு என்று ஒரே ஒரு அங்கிக்கான அளவு. கூடவே, அருங்காட்சியகத்தில் இருந்தது மாதிரியே கச்சையும். திங்கட்கிழமை மூட்டைகள் கோகந்துக்குப் போய்ச் சேர்ந்தன.

முஹய்யோவிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. துணி நெய்து முடிந்ததும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய், அதற்குக் காரணமான பொருளிடம் காட்டிவிட்டு வருவாள். காட்டுக்கோழிக்கும் காட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், வீடு நிறைய ஆட்கள், முற்றத்தில் விருந்துப் புலாவுக்குக் கேரட் வெட்டிக் குவித்திருக்கிறார்கள். அதற்கு நடுவே வியாழக்கிழமை காலையில், குண்டூசி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஃபெர்கானாவுக்கு வண்டி ஏறினாள்.

அருங்காட்சியகக் காவலுக்கு இருக்கும் துர்சுனாய் வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாங்க. கல்யாண வீட்டை விட்டுட்டு இங்க என்ன வேலை?"

"குண்டூசி வாங்க வந்தேன்."

"குண்டூசி இங்கதான் விக்கறாங்களா?"

முஹய்யோ சிரித்துக்கொண்டே துண்டுத் துணியை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்துப் பிடித்தாள். உள்ளே இருந்த நீலத்துக்கும் வெளியே இருந்த நீலத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. துர்சுனாய் எழுந்து வந்து பார்த்தாள்.

"ஆத்தாடி, அப்படியே உரிச்சு வெச்சிருக்கீங்களே! புதுச் சீட்டைப் பாத்தீங்களா? தாஷ்கண்ட்லேருந்து ஒரு அம்மா வந்து ரெண்டு மாசம் உக்காந்து எல்லாத்தையும் மாத்தி எழுதிட்டுப் போச்சு. முன்னாடி எல்லாம் வெறும் அங்கி, அங்கின்னு இருந்துச்சு. இப்ப யாரு போட்டா, எதுக்குப் போட்டான்னு கதையே இருக்கு."

முஹய்யோ குனிந்து படித்தாள். கணவனை இழந்த பெண் துக்க வருஷம் முழுவதும் அணியும் அங்கி. சிவப்பு நூல் சேர்ப்பதில்லை. கச்சையுடன். மறுபடி படித்தாள். எழுத்து மாறவில்லை.

"யாருக்கு நெய்தீங்க இதை?" என்றாள் துர்சுனாய்.

"சம்பந்தியம்மாவுக்கு."

"அவங்க வீட்டுக்காரரு..."

"இருக்காரு. நெஞ்சுல ஆபரேஷன் பண்ணியிருக்கு."

 துர்சுனாய் பின்னிக்கொண்டிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, கெட்டது அண்டாமல் இருக்கத் தன் சட்டைக் கழுத்தை இழுத்து உள்ளே மூன்று தடவை தூ தூ என்று துப்பிக்கொண்டாள். அதைப் பார்த்ததும்தான் முஹய்யோவுக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது.

உயிரோடு இருக்கிற மனுஷனின் பெண்டாட்டிக்கு, அதுவும் சாவின் வாசல்வரை போய்த் திரும்பி வந்த மனுஷனின் பெண்டாட்டிக்கு, விதவைக் கோலத்தைச் சீராகக் கட்டி அனுப்பியிருக்கிறாள். கச்சை ஒன்று குறைந்திருந்தாலாவது ஏதோ நீலத் துணி என்று போயிருக்கும். இந்தக் காலத்தில் நீலம் எல்லாரும்தான் உடுத்துகிறார்கள். இவள் எதையும் விட்டுவைக்காமல் முழு உடுப்பாக அனுப்பியிருக்கிறாள். உன் புருஷன் எப்போது போவான் என்று கேட்பதற்கு இதைவிட வேறு வழி வேண்டாம்.

தெரியாது என்று சொல்லவும் அவளுக்கு வாய் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன் அம்மா இறந்தபோது இவளே துக்கத்துக்கு நீலம் போட்டவள். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, வந்தவர்கள் தோளில் விழுந்து அழுதவள். இந்த அங்கியை ஒரு சாவு வீட்டில் யார் மேலாவது பார்த்திருந்தால் அடுத்த நொடியே தெரிந்திருக்கும். இதுவோ கண்ணாடிக்குள், விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. வெள்ளை எப்படிக் கரைகிறது என்று மட்டும் ஏழு தடவை பார்த்தாள். உள்ளே ஒரு பெண் இருந்திருப்பாள் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

மணி பதினொன்றரை. சீர் பிரிப்பது இன்றைக்குத்தான், மூன்று மணிக்கு.

தெருவில் நடந்துகொண்டே ஸலோமத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை யாரோ எடுத்து, ஒன்றும் பேசாமல் வைத்த மாதிரி இருந்தது. அது நிஜமா பிரமையா என்று அவளுக்கு நிச்சயமில்லை. மகளிடம் சொல்ல முடியாது, பயந்துபோவாள். பஹ்ரொமிடம் சொன்னால், உன் அருங்காட்சியகத்தில் தீயை வைக்க என்று ஆரம்பித்து மூன்று மணிவரை அதையே சொல்லிக்கொண்டிருப்பான்.

கோகந்துக்குப் போகிற வழியில்தான் மர்கிலான். வெறுங்கையோடு போய் மூட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் மாமியாருக்குச் சீர் இல்லை என்று ஆகும், அது இன்னொரு அவமானம். பட்டறையில் இறங்கி உள்ளே ஓடினாள். தறிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் துணி சுருட்டி வைத்திருந்தது. பிளந்த மாதுளை டிசைன் போட்டது. தாஷ்கண்டில் அடுத்த மாதம் நடக்கும் துணிக் கண்காட்சிக்காக ஒரு வருஷம் எடுத்துச் செய்தது. இருபத்து நாலு வருஷத்தில் முதல் முறையாக அவள் பெயரையே போட்டு மாட்டப் போகிறார்கள்.

"ரஹ்மத்தில்லா, அதுல நாலு மீட்டர் வெட்டு."

"எதுலக்கா?"

"சிவப்புல."

"அக்கா, அது கண்காட்சித் துணி. இருக்கறதே ஆறு மீட்டர். வெட்டினா மாட்ட முடியாது."

"வெட்டுடா."

"பேரு குடுத்தாச்சுக்கா, நம்பர் வந்தாச்சு..."

"வெட்டுன்னு சொல்றேன்ல!"

அவள் கத்தி அவன் கேட்டதே இல்லை. வாயை மூடிக்கொண்டு வெட்டினான். மடித்துக் கொடுக்கும்போது, வீட்டில் எல்லாரும் சௌக்கியம்தானே என்று மெதுவாகக் கேட்டான். அவள் துணியைப் பையில் திணித்துக்கொண்டு போய்விட்டாள்.

வண்டி நிலையத்தில் கோகந்துக்கு ஒரே ஒரு கார் நின்றது. பின்னிருக்கையில் சாக்குக்குள் உயிருள்ள வான்கோழியை வைத்துக்கொண்டு ஒரு பெண். முன்னால் தூங்குகிற ஒரு கிழவர். டிரைவர் வெளியே நின்று சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஒரு ஆள் வந்தா கெளம்பிடலாம்க்கா."

"எப்ப வருவாரு அந்த ஒரு ஆள்?"

"எனக்கென்ன தெரியும்? அவரு என் சம்பந்தியா, சொல்லிட்டு வர?"

 சாவு எடுக்கிற மாதிரி அவசரம் தம்பி, என்று சொல்லப் போய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்றைக்கு அந்த வார்த்தை வாயிலேயே வரக் கூடாது. நான்காவது இருக்கைக்கும் தானே தருவதாகச் சொன்ன பிறகு அவன் கையைத் தட்டிக்கொண்டு ஏறினான்.

வழியெல்லாம் வான்கோழி சாக்குக்குள்ளிருந்து அவள் முட்டியைக் கொத்தியது. அவளுக்கு உறைக்கவே இல்லை. சாலையோரம் முலாம்பழக் குவியல்கள் வந்தன, போயின. அவள் மனம் கோகந்து வீட்டு முற்றத்திலேயே சுற்றியது. உரத்த குரல்காரி ஒருத்தி மூட்டையைப் பிரிக்கிறாள். இது மாப்பிள்ளையோட அம்மாவுக்கு, என்று நீலத்தை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டுகிறாள். கச்சை நழுவிக் கீழே விழுகிறது. நாற்பது பெண்கள் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். அப்புறம் ஸிலோலாவை யார் அந்த வீட்டுக்குள் விடுவார்கள்? விட்டாலும், அடுத்த வருஷமோ அதற்கு அடுத்த வருஷமோ அந்த மனுஷனுக்கு ஒன்று ஆகிவிட்டால், உன் அம்மா அனுப்பின துணிதான் அவரைக் கொண்டுபோச்சு என்று வாழ்நாள் முழுக்கச் சொல்ல மாட்டார்களா? அவளாக இருந்தால் சொல்வாள்.

பாதி வழியில் டிரைவர் பெட்ரோல் போட நிறுத்தினான். அங்கே எட்டு வண்டி வரிசையில் நின்றது. அவள் இறங்கி, வரிசையின் முன்னால் இருந்தவனிடம் போய், என் மகள் கல்யாணம், என்று மட்டும் சொன்னாள். முகத்தைப் பார்த்துவிட்டு அவன் வழி விட்டான்.

கோகந்தில் சந்து முனையில் இறங்கியபோது மணி மூன்றாக இருபது நிமிஷம். வாசலுக்கு வந்ததும் அவள் கண் போனது செருப்புகள்மேல். படிக்கட்டு நிறையப் பெண்கள் செருப்பு. எல்லாரும் வந்துவிட்டார்கள். முற்றத்தில் சீமை மாதுளை மரத்தடியில் ஒலிம்ஜான் நாற்காலியில் உட்கார்ந்து ஆப்பிளைத் தோல் சீவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"அடடே, சம்பந்தியம்மா! என்ன இவ்வளவு அவசரமா? யாராவது செத்துட்டாங்களா?"

 முஹய்யோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அல்லா காப்பாத்தட்டும், நூறு வருஷம் இருங்க அண்ணே, என்று எப்படியோ சொன்னாள்.

கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் அம்மா மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறுகிற வழக்கமில்லை. அவள் உள்ளே நுழைந்ததும் டீக் கிண்ணங்கள் பாதி வழியில் நின்றன. கல்யாணம் நின்றுபோச்சு என்றே எல்லாரும் நினைத்திருக்க வேண்டும். ஒருத்தி, பொண்ணு நல்லாத்தானே இருக்கா, என்றாள். மூட்டைகள் இன்னும் கூடத்துக்கு வரவில்லை. அதை மட்டும் முஹய்யோ பார்த்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கா. ஒரு மூட்டை... மாறி வந்துடுச்சு."

ஸலோமத் எழுந்தாள். முகம் சுவர் மாதிரி இருந்தது. "சீர் அறைக்கு வாங்க," என்று முன்னால் நடந்தாள்.

சின்ன அறை. அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் சீர் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். ஸலோமத் கதவைச் சாத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.  பேசுவதற்குப் பதில் முஹய்யோவின் கை மேலே இருந்த மூட்டைக்குப் போனது. ஸலோமத் என்று எழுதிய மூட்டை. முடிச்சில் விரல் பட்டதும் கை நின்றுவிட்டது. இருபத்து நாலு வருஷம் முடிச்சுகளுக்கு நடுவே வாழ்ந்தவள். அவள் போட்டால் வால் இடது பக்கம் விழும். இது வலது பக்கம் விழுந்திருந்தது.

"இது என் முடிச்சு இல்லையே."

ஸலோமத்தின் காது சிவந்தது.

"திங்கக்கிழமை சாயந்தரமே பிரிச்சுட்டேன். ஊரெல்லாம் பேரெடுத்த டிசைன்காரி, எனக்குன்னு என்ன செஞ்சிருப்பாங்கன்னு பாக்காம இருக்க முடியல. தப்புதான்." பிறகு அவள் குரல் மாறியது. "பிரிச்சா நீலம். ஒரு சிவப்பு நூல் இல்ல. கூடவே கச்சை. எங்க மாமனார் போனப்ப மாமியார் போட்டது இதே மாதிரி ஒண்ணுதான். நான்தான் கச்சை கட்டிவிட்டேன்."

"அக்கா..."

"இருங்க, நான் பேசி முடிச்சுடறேன். மூணு நாளா அவரு மூச்சை எண்ணிட்டிருக்கேன். இருமினா ஓடறேன். கண்ணசந்தா நெஞ்சுல காதை வெச்சுக் கேக்கறேன். என்னடின்னு கேக்கறாரு, கொசு அடிச்சேன்னு சொல்றேன். யாருகிட்ட சொல்ல? சொன்னா, மூட்டையை ஏன் பிரிச்சேன்னு என்னைத்தான் கேப்பாங்க. நீங்க போன் பண்ணீங்க, எடுத்தேன், பேச வாய் வரல. நான் கணக்கு டீச்சர். எப்படிப் போட்டுப் பாத்தாலும் ரெண்டே விடைதான் வருது. ஒண்ணு, எங்க வீட்டுக்குக் கெடுதி நினைக்கறவங்க நீங்க. இல்லன்னா முட்டாள். எதுன்னு தெரியாம உங்க பொண்ணை எப்படி உள்ள கூட்டிட்டு வர்றது? இன்னைக்கு இவங்கெல்லாம் போனதும் தேதியைத் தள்ளி வெக்கலாம்னு சொல்லி அனுப்பறதா இருந்தேன். சொல்லுங்க, எது?"

"முட்டாள்தான் அக்கா," என்றாள் முஹய்யோ. சொன்னதும் அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. "சத்தியமா முட்டாள். கண்ணாடிக்குள்ள இருந்துச்சு. வெள்ளை எப்படி நீலத்துல கரையுதுன்னு மட்டும்தான் பாத்தேன். அதை யாரு போட்டிருந்தா, ஏன் போட்டிருந்தான்னு கேக்கத் தோணவே இல்ல. எங்கம்மாவுக்கு நானே நீலம் போட்டவ அக்கா. அப்படியும் தோணல. இன்னைக்குக் காலையிலதான் அங்க புதுசா எழுதி ஒட்டியிருக்கறதைப் படிச்சேன். படிச்ச இடத்துலேருந்து நேரா ஓடி வர்றேன்."

ஸலோமத் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தூசி படிந்த செருப்பில்லாத காலை, கலைந்த தலைத்துணியை, வான்கோழி கொத்திய பாவாடையை. பிறகு மூச்சை விட்டு, அரிசி மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"முட்டாள்னா பரவாயில்ல. முட்டாளுங்களை முப்பது வருஷமா மேய்ச்சிருக்கேன்."

முஹய்யோ அழுதுகொண்டே சிரித்தாள். பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்து நீட்டினாள். ஸலோமத் ஒரு மடிப்பை விரித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். நீலத்தையும் கச்சையையும் எடுத்துவிட்டு, சிவப்பை வைத்துக் கட்டச் சொன்னாள்.

"உங்க முடிச்சையே போடுங்க. நான் பிரிச்சது வெளியில போச்சுன்னா, நீங்க அனுப்பினதும் வெளியில போகும், ஆமா."

"போகாது அக்கா."

கூடத்திலிருந்து, அங்க என்ன ரகசியம், டீ ஆறுது, என்று குரல் வந்தது. ஸலோமத் எழுந்து நீலத் துணியை முஹய்யோவின் பையில் வைக்கப் போனாள். வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, ஒரு துளியின் தலையிலிருந்து கீழே அது கரைகிற இடம்வரை விரலால் தடவினாள்.

"இதை என்ன பண்ணுவீங்க?"

"எரிச்சுடறேன்."

"எரிப்பீங்களா?" ஸலோமத் துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள். "என் ஆயுசுல எனக்குன்னு யாரும் இவ்வளவு அழகா ஒண்ணு செஞ்சு தந்ததில்ல. அதான் எனக்கு ஆத்திரமே. அசிங்கமா இருந்திருந்தா அன்னைக்கே அடுப்புல போட்டிருப்பேன். கோவம் வர்றப்பல்லாம் எடுத்துப் பாத்தேன். பாத்தாக் கோவம் போயிடுது, பயம் வந்துடுது." சிவப்பு மூட்டையைத் தாடையால் காட்டினாள். "அதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா அது நாலு பேரு பாக்கறதுக்குச் செஞ்சது. இது என்னை நினைச்சுச் செஞ்சது, பாத்தாலே தெரியுது."

முஹய்யோ துணிக்காகப் பையை விரித்து நீட்டினாள், ஸலோமத் தரவில்லை.

"இதையே சிவப்புல போட முடியுமா?"

"முடியும் அக்கா. நூலை மறுபடி கட்டணும். இருபது நாள் ஆகும்."

"அடுத்த மாசம் அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். அன்னைக்கு நான் அதைப் போட்டுக்கிட்டுத்தான் கூடப் போகணும். சிவப்புல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, கேட்டீங்களா? கண்ணு கூசணும்."

துணியைப் பையில் வைத்து அழுத்திவிட்டு ஸலோமத் கதவைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து முற்றத்தில் ஒலிம்ஜான் இருமினார். ஒரு தடவை, இன்னொரு தடவை, பிறகு நீளமாக. மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முஹய்யோ அப்படியே நின்றாள். கதவைப் பிடித்தபடி ஸலோமத்தும் நின்றாள். இருமல் அடங்கி, ஆப்பிள் துண்டு தொண்டையில் மாட்டிக்கிச்சு, யாராவது ஒரு வாய் டீ கொண்டாங்க என்று அவர் சத்தம் போடும்வரை இரண்டு பேரும் அசையவில்லை.